தானே விற்கும் யந்திரமும் நம்மவர் கைம்முதலும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பணத்தைப் பெற்றுக்கொண்டு, ஆள் துணையின்றிப் பண்டத்தை எடுத்துக் கொடுக்கும் யந்திரத்தைப் பற்றி இன்று பேசப் புகுகின்றோம். இதனை வெண்டிங் மெஷின் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். தானியங்கி விற்பனை யந்திரம் என்று எழுதுகிறார்கள். சில மாதங்களாக நம் சங்கக் காரியாலயத்தை நாடி வரும் வாலிபர்களிற் பலர் இதைப் பற்றியே வினவுகின்றனர். அவர்களுடைய நிலைமை நம் அனைவருக்கும் தெரிந்ததே. பள்ளிபாளையம், குமாரபாளையம், வெண்ணந்தூர், இளம்பிள்ளை முதலிய ஊர்களில் தறி ஓட்டிக் கட்டாமல், அதைப் பழைய இரும்பு விலைக்கு விற்று, வந்த சொற்பத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, இனி என்ன செய்வது என்று திகைத்து நிற்பவர்கள் அவர்கள். அத்தருணத்தில், 'யந்திரத்தை வாங்கி வைத்தாற் போதும், அது இராப்பகலாய்ச் சம்பாதிக்கும், நீங்கள் உறங்கலாம்' என்னும் விளம்பரம் கைப்பேசியில் வந்து விழுகின்றது. தொகை போதாத குறைக்கு மனைவியின் நகை அடகுக்குப் போகின்றது. ஆகையால் இவ்விஷயம் வேடிக்கைக்குரியதன்று.

யந்திரம் புதிதென்று எண்ண வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா பட்டினத்து ஹீரோன் என்னும் கிரேக்க அறிஞர், நாணயம் போட்டால் கோயிலில் தீர்த்தம் வழங்கும் ஒரு பாத்திரத்தை வருணித்திருக்கின்றார். விழுந்த நாணயத்தின் பாரத்தால் நெம்புகோல் தாழ்ந்து அடைப்புத் திறக்கும். நாணயம் சறுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். 1883-இல் இலண்டனில் அஞ்சலட்டை விற்கும் யந்திரமும், 1888-இல் நியூயார்க்கு ரெயில் மேடைகளில் மெல்லும் பிசின் விற்கும் யந்திரமும் வந்தன. நம் நாட்டில் ரெயில் நிலையங்களில் நின்ற எடை பார்க்கும் யந்திரத்தை நம்மிற் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காசு போட்டால் விளக்குகள் மின்னிச் சுழல, ஒரு புறம் எடையும் மறு புறம் சோதிடமும் அச்சிட்ட சிறு அட்டை வந்து விழும். எடையை விடச் சோதிடத்துக்காக ஏறியவர்களே அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

அதைவிட நமக்கு நெருங்கிய உதாரணம் ஒரு ரூபாய் நாணயத் தொலைபேசிப் பெட்டி. 2000-ஆம் ஆண்டை அடுத்த சில வருஷங்களில் நம் ஜில்லாக்களில் அந்தப் பெட்டி இல்லாத மளிகைக் கடையோ, பெட்டிக் கடையோ அரிது. கடைக்காரருக்குக் கழிவு உண்டு. அவர் செய்ய வேண்டியதெல்லாம் திண்ணையில் ஒரு முழ இடம் கொடுப்பதும், இரவில் உள்ளே எடுத்து வைப்பதுமே. அதில் நஷ்டம் அடைந்தவர் அநேகமாக இல்லை; ஏனெனில் கடை ஏற்கெனவே இருந்தது, ஆளும் இருந்தார், பெட்டி அவற்றோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி வந்ததும் பெட்டி போயிற்று, கடை போகவில்லை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேட்குமாறு வேண்டுகிறோம்.

இத்தகைய யந்திரம் நம் தேசத்தில் நெடுங்காலம் பரவாமைக்கு நாணயமே ஒரு காரணம். யந்திரம் நாணயத்தின் எடை, குறுக்களவு, உலோகம் ஆகியவற்றைக் கொண்டே அதனை அறியும். நம் சர்க்காரோ ஒரே மதிப்புள்ள நாணயத்தைப் பற்பல உருவில் வெளியிட்டுக்கொண்டே வந்தது. பத்து ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்தது 2009-இல். அதில் பதினான்கு வடிவங்கள் உண்டென்றும், அனைத்தும் செல்லத்தக்கவையே என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட வேண்டி வந்தது. அறிக்கை வந்த பின்னரும் நம் பக்கத்துக் கடைகளிலும் பஸ்களிலும் அந்நாணயத்தை நீட்டியவர் பட்ட பாட்டை நாம் சொல்லத் தேவையில்லை. 2016 நவம்பரில் பழைய நோட்டுக்கள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோது, புதிய நோட்டின் அளவு மாறியதால் வங்கிகளின் பண யந்திரங்களையே திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. வங்கிக்கே அக்கதியானால் தனி மனிதர் வைத்த யந்திரத்தின் கதி என்ன?

அந்தத் தடையை நீக்கியது அதே 2016-ஆம் ஆண்டில் வந்த யூபிஐ முறை. சதுரக் கட்டப் படத்தைக் கைப்பேசியாற் பிடித்துப் பணம் செலுத்த, நொடியில் வங்கியிலிருந்து யந்திரத்துக்குச் செய்தி வந்து பண்டம் விழுகின்றது. சில்லறைத் தொல்லை இல்லை, உண்டியலை உடைப்பாரில்லை, எந்தச் சரக்கு எத்தனை விற்றது என்பதை வீட்டிலிருந்தே காணலாம். ஆகவே யந்திர வியாபாரத்துக்குக் காலம் வந்துவிட்டதென்று சொல்பவர் சொல்லில் உண்மை இருக்கின்றது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இதில் யாருக்கு இலாபம் வருகின்றது என்று பார்க்க வேண்டும். ஜப்பான் தேசத்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே 2000-ஆம் ஆண்டில் 56 இலட்சம் யந்திரங்கள் இருந்தன. பிற்பாடு குறைந்து ஏறக்குறைய 40 இலட்சமாயின. அவற்றிற் பெரும்பாலானவை பானம் தயாரிக்கும் கம்பெனிகளாலும், நிரப்புவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களாலும் நடத்தப்படுகின்றவை. இடத்துக்குச் சொந்தக்காரர் இடமும் மின்சாரமும் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கு பெறுகிறார். கடன் வாங்கி ஒற்றை யந்திரம் வாங்கியவர் ஜப்பானுக்கு உதாரணமல்லர். டில்லியில் 1974-இல் தொடங்கிய மதர் டெய்ரி வில்லையைப் போட்டால் பால் சுரக்கும் யந்திரங்களைச் சாவடி சாவடியாக வைத்து வெற்றி கண்டது. அதன் பின்னால் பாலைக் கொள்முதல் செய்து, குளிரூட்டி, லாரியிற் கொண்டுவந்து தினந்தோறும் நிரப்பும் பெரிய ஏற்பாடு இருந்தது. 2015 முதல் ரெயில் நிலையங்களில் ஒரு ரூபாய்க்கு ஒரு குவளை குடிநீர் என்று வைத்த யந்திரங்களையும் நாம் கண்டோம். தண்ணீருக்கா கிராக்கி இல்லை? ஆயினும் பிற்காலத்தில் பல நிலையங்களில் அவை மூடிக் கிடந்தன.

தானே இயங்கும் என்னும் சொல்லே ஒருவகையில் மயக்கம் தருவது. நம் சேலம் ரெயில்வே கோட்டத்து நிலையங்களில் பயணச்சீட்டுத் தரும் யந்திரங்கள் உள்ளன. அவற்றின் அருகில் நின்று பிரயாணிகளுக்காகத் திரையைத் தொட்டுச் சீட்டு எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஓய்வு பெற்ற ரெயில்வே ஊழியர்கள் முதலியோரைக் கழிவு முறையில் ரெயில்வேயார் அமர்த்துகின்றனர். ஆள் வேண்டாமென்று வைத்த யந்திரத்துக்கே ஓர் ஆள்! நாம் இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. யந்திரத்தைக் காட்டிலும் அந்த ஆளின் பிழைப்பு நிச்சயமானது.

இனிக் கணக்குக்கு வருவோம். குளிர்பானமும் தின்பண்டமும் சேர்ந்து விற்கும் குளிர்சாதன யந்திரம் ஒன்றுக்கு எல்லாம் சேர்ந்து இரண்டு இலட்சம் ரூபாய் ஆயிற்றென்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு நாற்பது பேர் சராசரி இருபது ரூபாய்க்கு வாங்கினால் வரவு 800. மாதம் 26 நாளுக்கு 20,800. இது விற்பனையேயன்றி இலாபமன்று. உறையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசும் வாங்கச் சட்டம் இடந்தராது. ஆகவே மொத்த வியாபாரி விடும் தள்ளுபடியே நம் இலாபம். நூற்றுக்குப் பதினெட்டு கிடைத்ததாக வைத்தால் 3,744 ரூபாய். யந்திரம் குளிரைக் காக்க ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். நாளைக்கு 6 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்று கொண்டால் 1,620. செய்தித் தொடர்புக்கும் கணக்கு மென்பொருளுக்கும் 400. தேதி கடந்தும் நசுங்கியும் போனது 400. சரக்கு ஏற்றிச் சென்று நிரப்ப வண்டிக்குப் பெட்ரோல் 800. ஆகச் செலவு 3,220, மிச்சம் 524. இரண்டு இலட்சத்தை நம் பக்கத்து வழக்கப்படி நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டி 3,000. இட வாடகையைச் சேர்க்காமலே 2,476 ரூபாய் கையை விட்டுப் போகின்றது.

நாற்பது பேருக்குப் பதில் நூற்றிருபது பேர் வாங்கினால்? விற்பனை 62,400, இலாபம் 11,232. சேதமும் பெட்ரோலும் சிறிது கூடி மேற்படிச் செலவுகள் 4,220 ஆகும். அவ்வளவு கூட்டம் உள்ள இடத்துக்காரர் சும்மா விட மாட்டார். விற்பனையில் நூற்றுக்கு ஐந்து கேட்டால் 3,120. வட்டி 3,000. எஞ்சுவது 892 ரூபாய். முதல் அப்படியே நிற்கின்றது, யந்திரமோ தேய்கின்றது. தம் சொந்தப் பணத்தைப் போட்டவருக்கு மாதம் 3,892 கிடைக்கும். கடன் வாங்கியவர் வட்டிக்காரருக்காக உழைப்பார். இத்தொகைகளை நாம் உதாரணத்துக்காகவே வைத்தோம். உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் வட்டி என்னும் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடனுக்கு அஞ்சிச் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்து நாடே தலைகுனிந்தது. அது வேறு யாரோ அல்லர்; நம் தெருக்காரர்.

தேநீர் யந்திரத்தின் கணக்கு வேறுவிதம். பால்பொடியும் சர்க்கரையும் தேயிலைச் சத்தும் கலந்த பொடி ஒரு கிலோவில், குவளைக்குப் பதினான்கு கிராம் வீதம், எழுபது குவளை எழும். பொடியும் காகிதக் குவளையும் சேர்ந்து ஐந்தரை ரூபாய் ஆனாலும் பத்து ரூபாய்க்கு விற்றால் நாலரை நிற்கின்றது. நாளுக்கு நூறு குவளையானால் 26 நாளில் 11,700. யந்திரமும் இருபதாயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கும். பொடியைத் தங்களிடமே வாங்க வேண்டும் என்னும் நிபந்தனையின் பேரில் யந்திரத்தை இலவசமாகவே வைத்துச் செல்லும் வியாபாரிகளும் உண்டு. ஆயினும் இரவுதோறும் கலக்கும் கிண்ணத்தையும் குழாயையும் வெந்நீரிற் கழுவாவிட்டால் மறுநாள் புளித்த வாடை வீசும். பொடி ஈரம் பட்டுக் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். இது மாடு வளர்ப்பது போன்ற வேலை. ஒரு நாள் விட முடியாது.

எங்கே வைப்பது என்பதே இத்தொழிலின் உயிர். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் லாரிகள் இரவு முழுவதும் போகின்றன. அங்கே வைக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். அச்சாலையில் விடிய விடியத் தேநீர்க் கடை உண்டு. ஓட்டுநருக்கு வேண்டுவது தேநீர் மாத்திரமன்று, கால் நீட்ட ஒரு பெஞ்சும் பேச ஓர் ஆளும். சேலம் கடைவீதியிலும் பயனில்லை. தட்டுவடையின் இடையே காரட்டும் பீட்ரூட்டும் துருவி வைத்துச் சட்டினி தடவிக் கொடுக்கும் அம்மாளின் கைக்கு எந்த யந்திரம் ஈடாகும்? ஜனங்கள் இருந்தும் கடை இல்லாத இடமே யந்திரத்துக்கு உரியது. இராசிபுரம், வெண்ணந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு முறை வேலைக்கு வருகிறவர் வெளியே போக முடியாது. திருச்செங்கோடு, நாமக்கல் பகுதிக் கல்லூரி விடுதிகளில் இரவு ஒன்பதுக்கு மேல் வாயிற்கதவு சாத்தப்படும். தனியார் மருத்துவமனைகளில் நோயாளியின் துணைக்கு வந்தவர் நள்ளிரவில் பசியோடு நிற்பார். இத்தகைய இடங்களில் நூற்றிருபது பேர் கிடைப்பார்கள். ஆனால் அந்த ஆலைக்காரரோ, கல்லூரிக்காரரோ எழுத்து மூலம் குறைந்தது மூன்று வருஷத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். வேறொரு யந்திரத்தை உள்ளே விடுவதில்லை என்றும் எழுத வேண்டும். அக்கடிதம் கைக்கு வருமுன் யந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பது, பெண் பார்க்குமுன் பந்தல் போடுவதை ஒக்கும்.

நம் சமவெளியின் வெயிலையும் மறக்கலாகாது. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் நின்ற யந்திரத்தில் சாக்லேட் உருகிச் சுருளோடு ஒட்டிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். பண்டங்களைத் தாங்கும் கம்பிச் சுருள் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னிருப்பது விழ வேண்டும். காற்று உப்பிய உறைகள் அகலம் பொருந்தாத சுருளில் சிக்கித் தொங்கும். பணம் போய்ப் பண்டம் விழாவிட்டால் பையன்கள் யந்திரத்தைக் குலுக்குவார்கள், உதைப்பார்கள். விழுந்ததைக் கண்டறியும் ஒளியுணர்வி உள்ளதா, விழாவிட்டால் பணம் தானே திரும்புமா என்று கேட்டு வாங்க வேண்டும். கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் வெயிலையும் தாங்கும், சுருளிலும் சிக்கா. அவற்றை நம் வீட்டுப் பெண்களே செய்து உறையிடலாம். உணவுப் பண்டம் விற்க 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இப்போது விளம்பரக்காரர்களைப் பற்றி. யந்திரத்தை விலைக்கு விற்பவர் வேறு. 'பணத்தை எங்களிடம் கொடுங்கள், யந்திரத்தை நாங்களே எங்கோ வைத்து நடத்தி மாதாமாதம் இவ்வளவு தருகிறோம்' என்பவர் வேறு. பின்னவரிடம் நம்மவர் அணுகவே கூடாதென்பது நம் தீர்மானமான கருத்து. 2012-இல் பெருந்துறைப் பக்கத்து ஈமுக் கோழித் திட்டங்கள் கவிழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். குஞ்சு கொடுப்போம், தீனி கொடுப்போம், மாதம் பராமரிப்புத் தொகை கொடுப்போம், பறவையைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ஈமு இறைச்சியைத் தின்பவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின் வந்தவர் பணத்தை முன் வந்தவருக்குக் கொடுத்த வரையில் நடந்தது. பிறகு கோழிகள் பட்டினி கிடந்தன, வைத்தவர்களும் கிடந்தார்கள். நிச்சய வருமானம் என்று சொல்லிப் பொதுஜனங்களிடம் அனுமதியின்றி வைப்புத் தொகை வாங்குவதை 2019-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் தடுக்கின்றது; 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றது. ஆனால் சட்டம் பணம் போன பின்னரே வந்து சேரும்.

விற்பவரிடம் என்ன கேட்பது? அமெரிக்க தேசத்தில் இவ்விதமான யந்திர வியாபாரத்தில் ஏமாந்தோர் பல்கியதால், அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2012 மார்ச்சு முதல் ஒரு விதியை அமுலாக்கியிருக்கின்றது. வியாபார வாய்ப்பை விற்பவர், பணம் வாங்குவதற்கு ஏழு நாள் முன்னதாக ஒரே பக்கத்தில் சில செய்திகளை எழுதிக் கொடுக்க வேண்டும். இன்ன வருமானம் வரும் என்று சொல்வாரானால் அதற்கு ஆதாரம் என்ன, தம்மேல் வழக்குகள் உண்டா, பணம் திரும்பக் கிடைக்குமா, முன்பு வாங்கியவர்கள் யார் யார் என்பன அவை. அவ்விதி இங்கே இல்லை. ஆயினும் அந்நான்கு கேள்விகளைக் கேட்க நமக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். முன்பு வாங்கியவர் பெயரைக் கொடுத்தால், விற்பவரை உடன் அழைத்துச் செல்லாமல் தனியே போய், யந்திரத்தின் எதிரில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தறிக்கு வேலை ஆளை வைக்குமுன் நாம் இவ்வளவும் விசாரிப்பவர்களே.

கடைசியாக, நம் நெசவுக்கு உறவான ஒரு யந்திரத்தைக் குறிப்பிட விரும்புகிறோம். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குப் பைகள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தைச் சர்க்கார் தொடங்கிற்று. 2022-இல் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் யந்திரம் வைக்கப்பட்டது. பிறகு வேறு இடங்களிலும் வைத்தார்கள். கலியாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த அதே மஞ்சள் பைதான். கடைக்காரர் வாங்க மறுத்த அதே பத்து ரூபாய் நாணயத்தையும் அது வாங்கிக்கொண்டது.

இந்த யந்திரத்தில் நம்மவர் இடம் யந்திரத்தின் முன்புறத்திலன்று, பின்புறத்தில் என்பது நம் எண்ணம். பை கெடாது, உருகாது, தேதி கடவாது, குளிர்சாதனமும் வேண்டாம். அதை நிரப்புகிறவருக்கு இடைவிடாமல் காடாத் துணி வேண்டும், வெட்டித் தைக்கும் கைகள் வேண்டும், சாயம் வேண்டும். காடா நெய்யும் தறியும், தையல் யந்திரம் மிதிக்கத் தெரிந்த பெண்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பத்து ரூபாய்ப் பையில் துணிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்க, தறி வைத்திருப்பவர் நால்வரும் தையல் தெரிந்த தாய்மார் இருவரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காரியாலயத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர்க் காடாவுக்கு இன்றைய நூல் விலையில் என்ன அடக்கம் ஆகின்றது என்பதை எழுதிக்கொண்டு இன்னும் சிலர் வந்தால் உதவியாயிருக்கும்.